நூலகக் கணினிக்கு வடிகட்டி தேவையா?

அலமாரி எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொது நூலகத்தில் வேலை பார்ப்பவள். ஒரு புத்தகத்தை நீக்கச் சொல்லி யாராவது மனு கொண்டுவந்தால் எதிர்த்து நிற்கிற ஆள். ஆனாலும் தகாத தளங்களைத் திறக்கவிடாமல் தடுக்கும் வடிகட்டி மென்பொருள் எல்லாக் கணினிகளிலும் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. எங்களிடம் இப்போது சிறுவர் பகுதியில் மட்டும் அது இருக்கிறது. பெரியவர்கள் பகுதிக்கும் போடலாமா என்று அடுத்த மாதம் கூட்டம் வைத்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் நடந்தது இது. பிரிண்டர் இரு பகுதிக்கும் பொது. யாரோ அச்செடுத்துவிட்டு எடுக்காமல் போன நான்கு தாள்கள் தட்டில் கிடந்திருக்கின்றன. வீட்டுப்பாடம் அச்செடுத்த ஒரு சிறுமி, ஒன்பது வயது இருக்கும், மொத்தத்தையும் வாரிக்கொண்டு மேசைக்கு வந்து, "இதில் எது என்னுடையது என்று பார்த்துக் கொடுங்கள்" என்று நீட்டினாள். மேலே இருந்த தாளில் என்ன இருந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். இதற்குக் கருத்துச் சுதந்திரம் என்று பெயர் வைப்பவர்கள் ஒரு நாள் என் நாற்காலியில் வந்து உட்காரட்டும்.

கறுப்புப்பெட்டி எழுதியது:

அந்தச் சிறுமியை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னது பிரிண்டர் கதை. உறுப்பினர் அட்டையைக் காட்டினால்தான் தாள் வெளியே வரும் என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. அதற்காக எல்லாருடைய திரையிலும் திரை போடுவானேன்?

வடிகட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? நிறுவனம் விற்கும் பட்டியல். எந்தத் தளம் எந்த வகையில் இருக்கிறது என்று விலை கொடுத்து வாங்கும் நூலகருக்கே காட்ட மாட்டார்கள், அது தொழில் ரகசியம். புத்தகத்தைத் தடை செய்யச் சொல்லி வருபவரிடமாவது காரணம் கேட்கிறீர்கள். இங்கே கேட்க ஆளே இல்லை.

இருபிள்ளைத்தாய் எழுதியது:

தாய்மார்கள் எல்லாரும் வடிகட்டியின் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் எதிர்ப்பக்கம்.

என் மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. மாதவிடாய் வலியைப் பற்றி என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு, நூலகத்தின் சிறுவர் கணினியில் தேடியிருக்கிறாள். பக்கம் திறக்கவில்லை. சிவப்புக் கட்டத்தில், "இந்தப் பக்கம் தடை செய்யப்பட்டுள்ளது. வகை: பாலியல்" என்று வந்திருக்கிறது. கீழே, இந்த முயற்சி பதிவு செய்யப்பட்டது என்று ஒரு வரி வேறு. பயந்துபோய்க் கணினியை அப்படியே அணைத்துவிட்டு வந்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து, "அம்மா, நூலகத்திலிருந்து உனக்குக் கடிதம் ஏதாவது வந்ததா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கே விஷயம் தெரியும். தன் உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதற்காக மூன்று வாரம் குற்றவாளியாகத் திரிந்திருக்கிறாள் என் மகள். குழந்தைப் பாதுகாப்பு என்று இதைத்தான் சொல்கிறீர்களா, அலமாரி?

சட்டப்புள்ளி எழுதியது:

அமெரிக்காவில் இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போய் வந்துவிட்டது. அதைக் கொஞ்சம் சொன்னால் உதவும்.

2000 டிசம்பரில் அங்கே குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 'வடிகட்டி போடு' என்று அது நேராக உத்தரவிடவில்லை. இணைய இணைப்புக்கான கட்டணச் சலுகை வேண்டுமானால் போடு, இல்லையென்றால் உன் செலவை நீயே பார்த்துக்கொள் என்றது. அந்தச் சலுகை 20 முதல் 90 சதவீதம் வரை. ஏழைப் பகுதி நூலகத்துக்கு அதிகம். ஆக, கையில் காசுள்ள நூலகம் கொள்கை பேசலாம், காசில்லாத நூலகம் கையெழுத்துப் போட வேண்டும். என் கண்ணில் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான், ஆனால் வழக்கில் பேசப்பட்டதெல்லாம் வேறு.

2002இல் பிலடெல்பியாவில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, நூலகங்களைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் செல்லாது என்றது. 2003 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அதைத் திருப்பிப் போட்டது. எந்த நூலகமும் உலகத்துப் புத்தகங்களை எல்லாம் வாங்கி அடுக்குவதில்லை, ஆபாசப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதில்லை, இணையத்திலும் அதே தேர்வுரிமை உண்டு என்பது தலைமை நீதிபதி ரென்குவிஸ்டின் வாதம். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய சூட்டர் அதற்கு நல்ல பதில் வைத்திருந்தார்: இது புத்தகம் வாங்காமல் விடுவது போன்றதல்ல, கலைக்களஞ்சியத்தை வாங்கிவிட்டுப் பக்கங்களைக் கத்தரிப்பது போன்றது.

அலமாரி எழுதியது:

சூட்டர் சொன்னது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கலைக்களஞ்சியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் வருபவருக்கெல்லாம் யாரும் படம் காட்டுவதில்லையே.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர நூலகச் செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே 12 நூலகர்கள், ஆபாசப் படங்கள் ஓடும் திரைகளுக்கு நடுவில் நாள் முழுக்க நடமாட வைப்பது பணியிடத் துன்புறுத்தல் என்று 2000இல் வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். 2003இல் 4,35,000 டாலருக்குச் சமரசம் ஆனது. அவர்களும் நூலகர்கள்தான், தணிக்கைக்காரர்கள் இல்லை.

உங்கள் மகளுக்கு நடந்தது தப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிவப்புப் பக்கத்தின் வாசகத்தை மாற்றலாம். மருத்துவத் தளங்களைத் திறந்துவிடலாம். அதற்காகக் கதவையே கழற்றிவிட வேண்டுமா?

மதில்மேல்பூனை எழுதியது:

கதவு இருக்கட்டும். சாவி கடைக்காரனிடம் இருக்கிறதே!

கறுப்புப்பெட்டி எழுதியது:

'மருத்துவத் தளங்களைத் திறந்துவிடலாம்' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். இப்போது பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை, அதாவது இடையில் நிற்பவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பப்படுபவை. வெளியே நிற்கும் வடிகட்டிக்குத் தளத்தின் பெயர் தெரியும், உள்ளே எந்தப் பக்கம், எந்தப் படம் என்று தெரியாது. லட்சம் பேர் எழுதுகிற ஒரு தளத்தில் நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்தால் முழுத் தளத்தையும் மூட வேண்டும், அல்லது முழுவதையும் விட வேண்டும். உள்ளே பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் வடிகட்டியையே அந்தத் தளம் என்று கணினி நம்பும்படி நூலகக் கணினியில் ஒரு போலிச் சான்றிதழை நிறுவி, நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் படிக்க வேண்டும். அதில் வாசகரின் வங்கிக் கணக்கும் வரும், மருத்துவ அறிக்கையும் வரும். வீட்டில் கணினி இல்லாததால்தான் அவர் நூலகத்துக்கே வருகிறார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

சட்டப்புள்ளி எழுதியது:

இடையில் ஒரு சிறு திருத்தம். நான் சொன்ன அமெரிக்கச் சட்டம் தடுக்கச் சொல்வது படங்களை மட்டுமே: ஆபாசம், குழந்தைகளைப் பாலியல் வக்கிரத்துக்கு ஆளாக்கும் படங்கள், சிறார் பயன்படுத்தும்போது சிறாருக்குக் கேடானவை. எழுத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மாதவிடாய்ப் பக்கத்தை மூடியது மென்பொருளின் தாராளம்.

பெரியவர் கேட்டால் வடிகட்டியை அணைத்துக் கொடுக்க நூலகருக்கு அதில் அனுமதியும் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பே அந்த ஆணியில்தான் தொங்குகிறது. கேட்கக் கூச்சமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, சங்கடமே இல்லாமல் தகவல் பெறும் உரிமையை அரசியல் சாசனம் தரவில்லை என்று ரென்குவிஸ்ட் சொல்லிவிட்டார். நடைமுறை வேறு. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நூலக அமைப்பு, பெரியவர் கேட்டாலும் மொத்தமாக அணைக்க மாட்டோம், தளம் தளமாகப் பார்த்துத்தான் திறப்போம் என்றது. 2010இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், மாநில அரசியல் சாசனப்படி அதில் தவறில்லை என்றது.

இருபிள்ளைத்தாய் எழுதியது:

சங்கடம் என்பது அத்தனை சின்ன விஷயமா? மார்பில் கட்டி என்று மருத்துவர் சொன்ன அன்று ஒரு பெண் வந்து, பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது, "எனக்கு இந்தப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள்" என்று கேட்பாளா? வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவாள். அவள் வந்ததும் போனதும் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. நீங்கள் பிரிண்டர் தாளைப் பார்த்தீர்கள், இவளைப் பார்க்கவே மாட்டீர்கள்.

அலமாரி எழுதியது:

இந்த ஒன்றுக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. மேசையில் எழுந்து கேட்பவர்களைத்தான் எனக்குத் தெரியும்.

கூட்டத்துக்காகத் தடைநீக்கப் படிவம் ஒன்று தயாரித்திருக்கிறார்கள். இப்போது எடுத்துப் பார்த்தேன். பெயர், வயது, தளம், காரணம் என்று நான்கு கட்டங்கள். 'காரணம்' கட்டத்தை அடித்துவிடச் சொல்லப் போகிறேன். வாய்விட்டுக் கேட்காமல் திரையிலேயே அழுத்திக் கேட்க வழி இருக்கிறதா என்றும் விசாரிக்கிறேன். வடிகட்டி வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

கறுப்புப்பெட்டி எழுதியது:

அப்படியே 'தளம்' கட்டத்தையும் அடியுங்கள். 'பெயர்' கட்டத்தையும்.

அலமாரி எழுதியது:

பெயர் இல்லாமல், கேட்பவர் பெரியவரா சிறுவரா என்று நான் எப்படிப் பார்ப்பது?

மதில்மேல்பூனை எழுதியது:

கண்ணால்தான். மேசையிலிருந்து எழுந்து நாலு அடி நடந்தால் போதும். ஆனால் அதற்கு இன்னொரு ஆள் போட வேண்டும், அந்தச் சம்பளத்தை விட மென்பொருள் மலிவு. கூட்டத்தில் இதையும் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.