பழைய பிரெஞ்சு குதிரை வண்டி படம், ஒரிஜினலானு எப்படி பாக்கறது?

ஏற்காட்டுக்காரன்: இங்க ஒரு பழைய எஸ்டேட் பங்களா சாமானெல்லாம் வித்தப்ப சித்தப்பா வாங்கிட்டு வந்த படம்ங்க, பிரெஞ்சு குதிரை வண்டி, பக்கவாட்டுல வரைஞ்சது, அடியில அளவுகோல், கீழ ‘செல்லியே கரோசியே’ன்னு எழுத்து. ஒரிஜினல்தானா?

செவ்வாப்பேட்டை: தீதரோன்னு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் தொகுத்த கலைக்களஞ்சியத்தோட படத்தொகுதிகள்ல (1762–1772) இதே தலைப்புல, அதாவது ‘சேணம் தைக்கறவர், வண்டி செய்யறவர்’ங்கற தலைப்புல, வண்டிப் படங்கள் வருதுங்க. ஃப்ரேமைக் கழட்டிப் பாருங்க, செப்புத்தகட்டுல அச்சடிச்சதுன்னா படத்தைச் சுத்தி தகடு அழுந்துன தடம் விரல்லயே தெரியும், ஓரத்தை வெட்டியிருந்தா மட்டும் தெரியாது. லென்ஸ்ல புள்ளி புள்ளியா இருந்தா ஆஃப்செட் பிரிண்ட், பிற்காலத்து மெஷின் அச்சு. வெளிச்சத்துல பிடிச்சா தாள்ல வரிவரியா கோடு ஓடணும், அந்தக் காலத்துக் கைத்தாள் அப்படித்தான்.

வட்டை_ஆரக்கால்: எங்க தாத்தா வண்டிப்பட்டறை வச்சிருந்தவர், அதனால நான் சக்கரத்தைத்தான் மொதல்ல பாப்பேன். அப்ப பிரான்சுல நம்ம மாதிரி முழு இரும்புப் பட்டாவைக் காய்ச்சிச் சக்கரத்துல மாட்டறது கம்மி, இரும்பைத் துண்டு துண்டா, வட்டை (சக்கர விளிம்போட மரத்துண்டு) சேர்ற இடத்து மேல ஆணி அடிப்பாங்க. சக்கரம் செய்யறவங்க வேற, ஆள் உக்கார்ற பெட்டி செய்யற தச்சர் வேற, தோல் வேலை வேற. பெட்டி தோல்வார்ல தொங்கறதைப் பாருங்க, என்னா வேலைப்பாடு!

ஏற்காட்டுக்காரன்: தகடு தடம் இருக்குங்ண்ணா!! தாள்லயும் வரி தெரியுது.

செவ்வாப்பேட்டை: அருமைங்க. பழைய அட்டையில திருப்பி ஒட்டிராதீங்க, ஆசிட் இல்லாத அட்டை வாங்கிப் போடுங்க, ஏற்காட்டு ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் வந்துரும்.