புதுப்பிப்பு: ஏற்காட்டுச் சேவலின் வீங்கிய பாதம் ஆறிவிட்டது

போன மாதம் என் சேவல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நிற்கிறான், பாதத்துக்கு அடியில் உருண்டையாய் வீங்கி நடுவில் கறுப்பாய் ஒரு பொருக்கு தெரிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, பிழைத்துவிட்டான்.

முள் குத்தியிருக்கும், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டுங்கள் என்றவர்கள்தான் அதிகம். நான்கு நாள் கட்டிப் பார்த்தேன், வீக்கம் அப்படியே இருந்தது. 'பம்பிள்ஃபுட்' (கோழிப் பாதத்தில் கிருமி புகுந்து சீழ் கட்டும் நோய்) மாதிரி இருக்கிறது, காயம் வழியாக ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி புகுந்திருக்கும், நீங்களே கீறிவிடாதீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அவர் சொன்னதுதான் சரி. கால்நடை மருத்துவர் பொருக்கை நீக்கிச் சீழை எடுத்தார். கோழிச் சீழ் தண்ணியாய் ஓடாது, காய்ந்த பன்னீர்த் துண்டு மாதிரி கெட்டியாய் வந்தது.

மாத்திரை ஐந்து நாள். அப்புறம் தினமும் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கால், ஈரம் போகத் துடைத்து பெட்டாடின், மேலே துணிக்கட்டு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கிருமி நமக்கும் தொற்றும். சேவலின் தலையைத் துண்டால் மூடிவிட்டால் சத்தமே வராது. மூன்றாவது வாரம் காலை ஊன்றினான்.

நான் எதிர்பார்க்காதது பெட்டைகளை. வெள்ளைக் கட்டைக் கண்டதும் கொத்திக் கொத்தி அவிழ்த்துவிட்டன, அவனைத் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்க்க வேண்டியதாயிற்று.

பாதத்தில் காயம் பட்டதற்குக் காரணம் சில்வர் ஓக் மரம் என்றுதான் நினைக்கிறேன். ராத்திரி அதில் அடைந்து விடிகாலையில் நேராகக் கல் தரையில் குதிப்பான். இப்போது ஒன்றரை அடி உயரத்தில் கம்பு, கீழே வைக்கோல்.