பதில்: ஆப்டிகல் வேவ்கைடு – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

> வேவ்கைடு என்றால் அலைவழிகாட்டி, ஆப்டிகல் பேரியர் என்றால் ஒளித்தடை. இதற்கு மேல் என்ன விவாதம்?

விவாதம் இருக்கிறது ஐயா. வழிகாட்டுபவர் வழியைச் சொல்லிவிட்டு நின்றுகொள்வார். வேவ்கைடு அப்படி விடுவதில்லை. ஒளிவிலகல் எண் கூடிய பகுதிக்குள் ஒளியைப் பிடித்துவைத்து, முழு அக எதிரொளிப்பால் மறுமுனை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால் ‘ஒளிநடத்தி’ என்கிறேன். ‘ஒளிகடத்தி’ வேண்டாம், ஒளி பட்டால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பொருளுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

என் கவலையெல்லாம் பேரியர், அதாவது ஒளி கீழே தப்பாமல் நிறுத்தும் அடுக்கு பற்றித்தான். ஒளிநடத்தி செய்வதற்காக லித்தியம் நியோபேட் படிகத்தின் மேல் சுமார் 20 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஹீலியம் அயனிகளைப் பாய்ச்சுகிறோம், சதுர சென்டிமீட்டருக்கு 10-இன் அடுக்கு 16 என்ற அளவில். போகும் வழியில் அயனி தன் ஆற்றலைப் பெரும்பாலும் எலக்ட்ரான்களிடம் இழக்கிறது. படிகத்துக்கு அங்கே பெரிய சேதமில்லை. சில மைக்ரான் ஆழத்தில் வேகம் தணிந்து நிற்கப்போகும் இடத்தில்தான் அணுக்கருக்களோடு மோதி, அணுக்களை இடம்பெயர்க்கிறது. அந்த மெல்லிய அடுக்கில் அடர்த்தி குறைகிறது, ஒளிவிலகல் எண்ணும் இறங்குகிறது. மேலே காற்று, கீழே இந்த அடுக்கு, நடுவில் ஏறக்குறைய பழைய படிகம். அதில்தான் ஒளி ஓடுகிறது.

ஆக, அயனிக்கற்றை ஒளி போகும் பாதையை வெட்டவில்லை, கரையைப் போடுகிறது. காவேரிப்பாக்கத்து ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: ஏரிக்காக யாரும் பள்ளம் தோண்டவில்லை, கரை போட்டதால் தண்ணீர் நின்றது. பேரியருக்கு ‘ஒளிக்கரை’ என்பது என் முன்மொழிவு. ‘தடை’ என்றதும் மாணவர் மனம் ஓமுக்கும் மின்தடைக்கும்தான் போகும்.

இந்தச் சொல் அடுத்த பாடத்தையும் சுமக்கும். ஒளிக்கரை மெலிந்திருந்தால் ஒளி அதை ஊடுருவி அடியிலுள்ள படிகத்துக்குக் கசிந்துவிடும். அதனால் ஆற்றலைச் சற்று மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை பாய்ச்சி, கரையை அகலப்படுத்துகிறார்கள். அப்புறம் சில நூறு டிகிரியில் சூடாக்கி ஆறவிட்டால், நடுவில் தங்கிய நிறமையங்கள், அதாவது ஒளியை உறிஞ்சும் படிகக் குறைகள், மறைந்து ஒளியிழப்பு குறையும்.

> ஒளிக்கால் என்றே எல்லாவற்றுக்கும் வைத்துவிடலாமே, அழகாக இருக்கிறது.

அழகுதான் அம்மா, எங்கள் பாலாற்று ஊற்றுக்கால் நினைவும் வருகிறது. ஆனால் கால் என்றால் வாய்க்கால், அதற்கு இரு பக்கமும் கரை வேண்டும். மேலே சொன்ன ஹீலியம் அடுக்கில் ஒளி மேலும் கீழும்தான் அடைபட்டிருக்கிறது, பக்கவாட்டில் பரவிக்கொண்டே போகும். அது ‘தள ஒளிநடத்தி’. மறைப்புப் போட்டுப் பாய்ச்சிப் பக்கங்களையும் அடைத்தால் கிடைக்கும் சேனல் வேவ்கைடுக்கு ‘ஒளிக்கால்’ கச்சிதமாகப் பொருந்தும். அந்தச் சொல்லை அதற்கென்றே வைத்துக்கொள்வோம்.

வேலூரில் என் முதுகலை மாணவர்களிடம் இந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். படிகத்தின் மேல் முப்பட்டகத்தை அழுத்தி, சிவப்பு லேசரின் கோணத்தைத் திருப்பிக்கொண்டே வந்தால், எதிரொளித்து விழும் ஒளிப்பொட்டில் சில கோணங்களில் மட்டும் கறுப்புக் கோடு விழும். அந்தக் கோணத்தில் ஒளி அடுக்குக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். “ஒளி கரைக்குள்ள இறங்கிடுச்சு சார்” என்றாள் ஒரு மாணவி. ‘ஒளித்தடை’ சொல்லியிருந்தால் இப்படி ஒரு வாக்கியம் வந்திருக்காது.

கனமான வேக அயனிகளுக்கு வேறு கணக்கு. தில்லி பெல்லட்ரான் போன்ற முடுக்கிகளில் கிடைக்கும் ஆற்றலில், எலக்ட்ரான்களிடம் இழக்கும் ஆற்றலே படிகத்தைக் குலைக்கப் போதும். ஒவ்வோர் அயனியும் சில நானோமீட்டர் அகலத்தில் ஒரு கோடு விட்டுச் செல்கிறது. எண்ணிக்கையும் ஹீலியத்தைவிட நூறு, ஆயிரம் மடங்கு குறைவாக இருந்தாலே காரியம் ஆகிவிடும். அந்தக் கோட்டுக்கு ‘அயனித்தடம்’ சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

அயனிகளை இப்படிப் படிகத்துக்குள் செலுத்தித் தங்கவைக்கும் இம்ப்ளான்டேஷனுக்கு ‘பதியம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பதியம் போட்டால் வேர் பிடித்துத் துளிர்க்க வேண்டும். இங்கே ஹீலியம் சும்மா தங்குகிறது. ‘அயனி உட்பொதிப்பு’ போதும்.

ஒளிக்கரை, ஒளிக்கால் இரண்டையும் அடுத்த பருவப் பாடக்குறிப்பில் சேர்க்க நினைக்கிறேன். இலங்கை நண்பர்கள் அங்கே புழங்கும் சொற்களோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து