பழைய அங்கிகளில் வளைவு வெட்டே இல்லையே, ஏன்?

தையல்பித்து:
கொஞ்ச நாளாகப் பல நாட்டு அங்கிகளின் வெட்டுப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். ஜப்பானியக் கிமோனோ, மேற்கு ஆப்பிரிக்க அகல அங்கி, உஸ்பெக் சப்பான், எதை எடுத்தாலும் நீளநீளமாகச் செவ்வகங்கள்தான், மிஞ்சினால் ஓரிரு முக்கோணம். இன்றைக்கு ஒரு சாதாரணச் சட்டைக்கே கைக்குழி, தோள்சரிவு என்று வளைத்து வளைத்து வெட்டுகிறோம். துணியை மிச்சம் பிடிக்கத்தான் அப்படியா, இல்லை வேறு காரணம் இருக்கிறதா?

ஊடும்பாவும்:
மிச்சம் ஒரு காரணம்தான், ஆனால் முதலில் தறியைப் பாருங்கள். கிமோனோத் துணி சுமார் 36 செ.மீ. அகலத்தில், 12 மீட்டர் நீளத்துக்குப் பக்கமாக ஒரு சுருளாக வரும். ஒருவருக்கு ஒரு சுருள். உடலுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முன்பக்க ஒட்டுக்கு இரண்டு, கழுத்துப் பட்டிக்கு இரண்டு, ஆக எட்டுத் துண்டு. தோளில் தையலே கிடையாது, துணி முன்னிருந்து பின்னுக்கு அப்படியே இறங்கிவிடும். ஆள் ஒல்லி என்றால் மிச்சத்தை வெட்டி எறிவதில்லை, தையலுக்குள் மடித்துவிடுவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அராய்-ஹாரி என்கிற சலவை முறை: அங்கியை முழுக்கப் பிரித்து, துண்டுகளை வரிசையாகக் கோத்துத் திரும்பவும் ஒரே நீளத் துணியாக்கி, அலசி, கஞ்சி போட்டு, விறைப்பாக இழுத்துக் காயவைத்து மறுபடி தைப்பது. வளைத்து வெட்டியிருந்தால் இது நடக்குமா? அம்மாவின் கிமோனோவை மகள் அளவுக்கு மாற்ற முடிவதும் இதனால்தான்.

பட்டைக்காரன்:
சிக்கனம் என்று மட்டும் நினைத்தால் ஆப்பிரிக்கா இடிக்கும். அங்கே ஆண்களின் தறியில் வருவது பெரும்பாலும் 10 செ.மீ. சொச்ச அகலப் பட்டை. அதைக் கரையோடு கரை சேர்த்துத் தைத்தால்தான் துணியே உண்டாகும். யொரூபா மக்களின் அக்பாடா என்கிற அகல அங்கி இப்படித்தான். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த துணியில் கையை விரல்நுனி தாண்டித் தொங்கவிட்டு, அப்புறம் அதையே வாரித் தோளில் போட்டுக்கொள்கிறார்கள்! எத்தனை துணியை உடம்பில் சுமக்க முடியும் என்பதே அங்கே கௌரவம்.

கத்தரிக்கோல்:
நேர்வெட்டு உலக வழக்கம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சீனாவின் சிங் அரசவை அங்கியைப் பாருங்கள், முன்மடிப்பு வளைந்து வலப்பக்கம் போகும், கைமுனை குதிரைக் குளம்பு மாதிரி விரியும். ஆண்ட மஞ்சுக்கள் குதிரையேறி வேட்டையாடியவர்கள், தோலாடையின் வெட்டு பட்டுக்கும் வந்துவிட்டது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். பழைய ரோமானியர்கள் உடம்பில் சுற்றிக்கொண்ட டோகா என்கிற ஆடையின் ஒரு விளிம்பும் வளைவுதான். அது போக, துணி விலை ஏறினால் வெட்டும் மாறும். நான்ஜிங்கின் யுன்ஜின் பட்டுக்கு ஒருவர் தறியின் மேலே உட்கார்ந்து கோலத்துக்கான கயிறுகளை இழுக்க, இன்னொருவர் கீழே நெய்ய, நாள் முழுக்க உழைத்தாலும் ஐந்தாறு செ.மீ.தான் வளரும். அப்படிப்பட்ட துணியில் கத்தரியை வைக்க யாருக்குக் கை வரும்? அதனால் அரச அங்கிகளுக்கு டிராகன் எங்கே, அலை எங்கே என்று முன்னாலேயே தீர்மானித்து, அங்கியின் அளவுக்கே நெய்வதும் உண்டு.

தையல்பித்து:
சரி, புரிகிறது. ஆனால் கைக்குழி இல்லாமல் நேராகத் தைத்தால் கையைத் தூக்கும்போது அக்குளில் கிழியாதா?

ஊடும்பாவும்:
கிழியும், அதற்குத்தான் பல நாடுகளில் அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துணியைக் குறுக்காக வைத்து ஒட்டுப் போட்டுத் தைப்பார்கள், நீங்கள் பார்த்த முக்கோணங்களில் சில அதன் உறவுதான். பெண்கள் கிமோனோவில் கைக்குக் கீழே உடல் தையலைக் கொஞ்சம் திறந்தே விட்டுவிடுவார்கள். முதல்முறை தைக்கிறீர்கள் என்றால் சதுர ஒட்டே நல்லது. அதைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டிக்கொள்ளுங்கள், மூலைகளில் இரட்டைத் தையல் போடுங்கள்.