வலது கை, இடது கண்: கிளே ஷூட்டிங் பழகியவர்கள் உதவுங்கள்

வணக்கம். இங்கிலாந்தில் சர்ரே பக்கம் இருக்கிறேன். வார இறுதிகளில் கிளே பிஜன் ஷூட்டிங் (எந்திரம் வானில் வீசும் சின்னத் தட்டைப் பறக்கும்போதே துப்பாக்கியால் சுடும் விளையாட்டு) போகிறேன்.

எனக்கு வலது கைப் பழக்கம், ஆனால் ஓங்கிய கண் (குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண்) இடது. வலது தோளில் வைத்துச் சுட்டால் குறி இடப்பக்கம் தள்ளிப் போகிறது. இடது கண்ணை மூடினால் தட்டின் தூரமும் வேகமும் பிடிபடவில்லை. ஒரு பயிற்சியாளர் மூக்குக் கண்ணாடியில் இடது கண் பக்கம் சின்னதாக டேப் ஒட்டச் சொல்கிறார், இன்னொருவர் இடது தோளுக்கே மாறச் சொல்கிறார். இரண்டில் எதையாவது செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பழகுவதற்கு எவ்வளவு காலம் ஆனது?

மதிப்பெண்ணுக்காகக் கேட்கவில்லை. வாரம் முழுக்க அலைபாயும் மனசு அங்கேதான் அடங்குகிறது. "புல்" (pull, தட்டை வீசச் சொல்லும் குரல்) என்று குரல் கொடுத்ததும் 110 மில்லிமீட்டர் ஆரஞ்சுத் தட்டு எகிறும். துப்பாக்கிக் குழலைப் பார்க்கக் கூடாது, தட்டின் முன்விளிம்பு மட்டும்தான் கண்ணில் இருக்க வேண்டும். அந்த ஓரிரு நொடியில் வேறு நினைப்புக்கு இடமே இல்லை. பட்டால் கறுப்புப் பொடியாகச் சிதறும். துப்பாக்கியை மடித்துத் திறந்தால் வெற்றுத் தோட்டா மருந்து வாசனையோடு துள்ளி விழும். அப்புறம் அடுத்தவர் முறை, நிதானமாகக் காத்திருக்கலாம். இப்போது "எந்தக் கண்" என்ற யோசனை நடுவில் வந்து அந்த அமைதியைக் கெடுக்கிறது.

இன்னொன்று. என் மனைவியும் வர ஆசைப்படுகிறார். போலீஸ் அனுமதி பெற்ற மைதானங்களில் துப்பாக்கிச் சான்றிதழ் இல்லாதவர்களும் சுடலாம், அது பிரச்சினை இல்லை. தோளில் உதை குறைய 20 போர் (bore, குழல் அளவு; 12 போரைவிடச் சின்னது) துப்பாக்கி நல்லதா, 12 போரிலேயே 21 கிராம் ஈயக் குண்டு கொண்ட லேசான தோட்டா போதுமா? பெண்கள் யாராவது அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.