சல்பேட்டில் வராத படிகம் தயோசயனேட்டில் வந்தது: உப்பும் புரதமும் குறித்த ஆய்வக அனுபவங்கள்

படிகவியல் ஆய்வு மாணவி:
பிராக் நகரில் ஃபிரான்ஸ் ஹாஃப்மைஸ்டர் முட்டை வெண்கருப் புரதங்களை வைத்து 1888இல் வெளியிட்ட உப்பு வரிசையை மனப்பாடம் செய்துகொண்டுதான் நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். சல்பேட் புரதத்தைக் கரைசலிலிருந்து வெளியேற்றும், தயோசயனேட் கரைசலிலேயே தங்கவைக்கும், குளோரைடு நடுவில் நிற்கும் என்பதே நான் அறிந்திருந்த பாடம். ஆகவே கோழிமுட்டையிலுள்ள லைசோசைம் என்னும் புரதத்தைப் படிகமாக்கும் வேலை வந்தபோது, பி.எச். 4.5இல் அமோனியம் சல்பேட்டைச் சற்றும் யோசிக்காமல் தேர்ந்தெடுத்தேன். இரண்டு வாரங்கள் கடந்தும் துளிகள் பளிங்குபோலத் தெளிவாகவே இருந்தன. எரிச்சலில், அலமாரியில் கிடந்த பொட்டாசியம் தயோசயனேட்டை 0.2 மோலார் அளவுக்குச் சேர்த்துப் பார்த்தேன். மறுநாள் காலை நுண்ணோக்கியில் படிகங்கள் தெரிந்தன.

காரணம் லைசோசைமின் மின்னூட்டத்தில் இருந்தது. அதன் சமமின்னூட்டப் புள்ளி, அதாவது நிகர மின்னூட்டம் சுழியாகும் பி.எச்., 11ஐ ஒட்டியது என்பதால், அமிலக் கரைசலில் அதன் மேற்பரப்பு முழுவதும் நேர்மின்னூட்டம் மிகுந்து, மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. நீரை இறுகப் பற்றிக்கொள்ளாத தயோசயனேட் அயனி அந்த மேற்பரப்பில் எளிதில் ஒட்டி மின்னூட்டத்தைத் தணிக்கிறது. தன்னைச் சுற்றிய நீரை விட மனமில்லாத சல்பேட் அவ்வாறு நெருங்குவதில்லை. வரிசை அப்படியே தலைகீழானது. பாடநூலில் இது ஓர் அடிக்குறிப்பாகவாவது இருந்திருந்தால் என் இரண்டு வாரங்கள் மிஞ்சியிருக்கும்.

புரத மடிப்பு ஆய்வாளர்:
எனக்கு நேர்ந்தது நேரயனியை, அதாவது உப்பின் நேர்மின்னூட்டப் பகுதியை, மட்டும் நம்பியதால் வந்த வினை. ரிபோநியூக்ளியேஸ் என்னும் புரதத்தின் மடிப்பைக் (முப்பரிமாண வடிவைக்) குலைக்க வழக்கமாக 6 மோலார் குவானிடினியம் குளோரைடைப் பயன்படுத்துவோம். ஒருமுறை அது தீர்ந்துபோகவே, குலைப்பது குவானிடினியம்தானே, உடன் எது இருந்தால் என்ன என்று எண்ணிக் குவானிடினியம் சல்பேட்டை எடுத்துக்கொண்டேன். புரதம் குலையவில்லை என்பது மட்டுமன்று, அதன் உருகும் வெப்பநிலை (மடிப்பு குலையும் வெப்பநிலை) சற்று உயரவும் செய்தது. கருவி பழுதென்று கருதி ஒரு நாள் முழுவதும் அதைச் சரிபார்த்தேன். பிறகுதான், சல்பேட்டின் நிலைப்படுத்தும் விளைவு குவானிடினியத்தின் குலைக்கும் விளைவை விஞ்சிவிடும் என்பது 1960களிலேயே அளந்து எழுதப்பட்ட செய்தி என்று அறிந்து வெட்கப்பட்டேன். அதன்பின் குப்பியில் ஒட்டிய பெயரை இறுதி எழுத்துவரை படிக்காமல் தராசுக்கு அருகில் செல்வதில்லை.

ஆய்வக உதவியாளர்:
என்னுடையது சிறியது. பொட்டாசியம் பாஸ்பேட் பஃபரில் (பி.எச்.ஐ நிலையாக வைக்கும் கரைசலில்) இருந்த புரதத்தோடு எஸ்.டி.எஸ். என்னும் சோடியம் டோடெசில் சல்பேட்டைக் கலந்தவுடன் தயிர்போல வெண்மையாகத் திரண்டது. சூடாக்கினால் தெளிந்து, ஆறினால் மீண்டும் திரண்டது. புரதம் கெட்டுவிட்டதென்று கொட்டவே போனேன். உண்மையில் திரண்டது புரதமன்று, நீரில் கரையத் தயங்கும் பொட்டாசியம் டோடெசில் சல்பேட். சோடியம் பாஸ்பேட்டுக்கு மாறியதும் அத்தொல்லை நின்றது.

படிகவியல் ஆய்வு மாணவி:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். லைசோசைமின் தலைகீழ் வரிசை உப்பு குறைவாக இருக்கும்போது மட்டும் பொருந்துவது. மின்னூட்டம் தணிந்தபின் செறிவை மேலும் கூட்டிக்கொண்டே சென்றால் ஹாஃப்மைஸ்டரின் பழைய வரிசை திரும்பிவிடுகிறது. ஆகவே இங்கு அனுபவம் பகிர்வோர் உப்பின் பெயரோடு அதன் செறிவையும் பி.எச்.ஐயும் சேர்த்தே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.