கையுறை உப்பிக் கிழியுது, பிரேக் வேலை பாதியில் நிக்குது (அவசரம்)

புளியமரத்தடி:
முன் சக்கர பிரேக் பேட் மாத்துறேன். கிளீனர் பட்ட ரெண்டே நிமிஷத்துல கையுறை கொழகொழன்னு உப்பி விரல் நுனியில கிழியுது. மூணு ஜோடி போச்சு. கை எரியுது. எந்தக் கையுறை வாங்கணும்? வண்டி தூக்கியபடி நிக்குது, சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்பேனர்_14:
என்ன கையுறை, என்ன கிளீனர்? ரெண்டையும் சொல்லாம என்னத்த சொல்றது?

டீசல்மணம்:
நிச்சயம் லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறைதான். எண்ணெய், பெட்ரோல் பட்டாலே உப்பும். நைட்ரைல் (செயற்கை ரப்பர்) வாங்குங்க. மருந்துக்கடையில கிடைக்கிற 0.1 மி.மீ. வேண்டாம், 0.15-லிருந்து 0.2 மி.மீ. தடிமன் இருக்கணும்.

கரிமேடு:
வண்டி எது மேல நிக்குது? ஜாக்கியா, ஸ்டாண்டா? வெறும் ஜாக்கின்னா கையுறைக் கவலை அப்புறம்.

பழைய_பட்டறை:
இதே கேள்வி பத்து தடவை வந்தாச்சு, தேடிப் பார்க்கப் பொறுமையில்ல. பேட் மாத்த கையுறையே தேவையில்ல தம்பி. வேலை முடிச்சு சோப்பு போட்டா போச்சு. முடியலேன்னா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

டீசல்மணம்:
கரைப்பான் தோல் வழியா உள்ள போகும் சார், சோப்பு அதைத் திருப்பி எடுக்காது.

புளியமரத்தடி:
வெள்ளைக் கையுறை, மருந்துக்கடையில வாங்கினது. கிளீனர்னா பெயின்ட் கடை தின்னர், டப்பாவுல ஊத்தி பிரஷ்ஷால தேய்க்கிறேன். ஸ்டாண்டு இருக்கு. ரோட்டர் (பிரேக் டிஸ்க்) ஸ்க்ரூ ஒண்ணு துருப்பிடிச்சு வரல, டிரில் போடப் போறேன்.

ஸ்பேனர்_14:
தின்னரா! இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்) தின்னர்ல பெரும்பாலும் டொலுயின்ங்கிற கரைப்பான் இருக்கும், அசிட்டோனும் கலந்திருக்கலாம். முதலாவது லேட்டக்ஸை உப்ப வைக்கும், ரெண்டுக்குமே நைட்ரைலும் ரொம்ப நேரம் தாங்காது. தின்னரை விடுங்க. டிஸ்க்குக்கு பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, மத்ததுக்கு சோப்புத் தண்ணி போதும். ஸ்ப்ரேயிலும் கையை நனைக்காதீங்க, நனைஞ்ச கையுறையை உடனே மாத்துங்க.

கையுறையை விடப் பெரிய விஷயம்: காலிப்பர்ல (பேடை டிஸ்க் மேல அமுக்குற பாகம்) பிஸ்டனைச் சுத்தி இருக்கிற டஸ்ட் பூட்ல (தூசி மறைக்கிற ரப்பர் உறை) தின்னர் பட்டுச்சா? அது பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர், டொலுயின் பட்டா அதுவும் உப்பும். பூட்டை விரலால அமுக்கிப் பாருங்க. தளர்ந்து அலை அலையா மடிஞ்சிருந்தா சீல் கிட் (பூட், ரப்பர் வளையம் அடங்கின செட்) மாத்தாம பேட் போடாதீங்க. பிஸ்டன் சிக்கிக்கிட்டு ஒரு பக்கம் மட்டும் பிரேக் இழுக்கும்.

கரிமேடு:
டிரில்லுக்குத் தோல் கையுறை கட்டாயம். இரும்புச் சுருள் பிளேடு மாதிரி கிழிக்கும்.

டீசல்மணம்:
தப்பு. டிரில் சுத்தும்போது தளர்ந்த கையுறையே கூடாது. துணியோ தோலோ பிட்ல மாட்டினா விரலோட சேர்த்துச் சுருட்டிடும். சுருளை டிரில்லை நிறுத்தின பிறகு பிரஷ்ஷால தள்ளுங்க.

கரிமேடு:
அப்போ கிரைண்டருக்கு ஏன் தோல் கையுறை போடுறாங்க?

டீசல்மணம்:
அங்க சக்கரத்தை மறைக்கிற தடுப்பு இருக்கும், ரெண்டு கையும் பிடியில இருக்கும், அதுவும் இறுக்கமான கையுறை. ஆனா கம்பி பிரஷ் மாட்டினா கம்பி பறக்கும், கண்ணாடிக்கு மேல முகக் கவசமும் வேணும்.

பழைய_பட்டறை:
ஸ்க்ரூக்கு டிரில்லே வேண்டாம். துரு இளக்கி அடிச்சு 15 நிமிஷம் விட்டு, இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவரை சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா வந்துடும். இதுக்கு இவ்வளவு சண்டையா?

ஸ்பேனர்_14:
இதுல அவர் சொல்றது சரி. கண்ணுக்கு ஐ.எஸ். 5983 இல்லேன்னா இ.என். 166 தர முத்திரை போட்ட, பக்கவாட்டு மறைப்பு உள்ள கண்ணாடி. பவர் கண்ணாடி அதுக்கு ஈடில்ல, துரு ஓரமா நுழையும். பிரேக் தூசியை காம்ப்ரசரால ஊதாதீங்க, நனைச்சுத் துடைங்க. பேட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கான்னு பார்த்துச் சொல்ல முடியாது. என்95 மாஸ்க் தூசிக்குத்தான், தின்னர் ஆவியை நிறுத்தாது. அறையைத் திறந்து வைங்க, பக்கத்துல நெருப்பு வேண்டாம்.

புளியமரத்தடி:
பூட் உப்பியிருக்கு. கிட் வாங்கப் போறேன். நன்றி.

கரிமேடு:
கிட் கேட்க மாடல் வேணுமே, என்ன வண்டி? எரிச்சல் குறைஞ்சுதா?

ஸ்பேனர்_14:
பிரேக் ஆயிலுக்கும் சேர்த்துக் கேளுங்க, எந்த ரகம், டாட் 3-ஆ 4-ஆன்னு ஆயில் டப்பா மூடியிலேயே இருக்கும். பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்துங்க.

கரிமேடு:
என்ன வண்டின்னு இன்னும் சொல்லல.